மெட்டராஸி: முட்டு வாங்கியவரா, கோப்பை வாங்கித் தந்தவரா?

போன இதழில், ஃபுட்பால் ஆட்டத்தை விட்டபின் கோச் ஆன இத்தாலிக்காரர்களைப் பற்றி எழுதும்போது கார்லோ அன்செலோட்டிக்குப் பெரும்பாலான இடத்தைக் கொடுத்துவிட்டு, மார்கோ மெட்டராஸியை “சென்னையின் எஃப்.சி.க்கு முதல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வாங்கித் தந்தவர்” என்று ஒரே வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன, அதிலும் வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவை அதிகம். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அவருக்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சார், மெட்டராஸி என்றால் 2006 உலகக் கோப்பை பைனலில் பிரான்ஸின் ஜிடேனிடம் முட்டு வாங்கிக் கீழே விழுந்தவர், எங்க ஹாஸ்டலில் எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும். அதைத் தாண்டி அவர் உண்மையிலேயே பெரிய பிளேயரா?
கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: பெரிய பிளேயர்தான் தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். மேலே வந்த வழிதான் நீண்ட வழி. பாவ்லோ மால்டினி 16 வயதிலேயே ஏ.சி. மிலானுக்கு இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஏ-யில் ஆடிவிட்டார். மெட்டராஸி 20 வயதில் சிசிலித் தீவில் மர்சாலா, ட்ரபானி என்று பெரிய பேப்பர்கள் எட்டிப் பார்க்காத கீழ் டிவிஷன் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தார். 1973 ஆகஸ்ட் 19-இல் லெச்சேயில் பிறந்தவர். அப்பா ஜியுசெப்பேயும் ஃபுட்பால் ஆடி கோச் ஆனவர், லாசியோ மாதிரிப் பெரிய அணியையே நடத்தியவர். கோச்சின் பிள்ளை என்றால் சிபாரிசில் ஏறிவிடுவான் என்று நாம் நினைப்போம், இங்கே அது நடக்கவில்லை. அம்மாவைப் பள்ளிப் பருவத்திலேயே இழந்துவிட்டார்.

1995-இல் பெருஜாவுக்கு வந்தார், அப்போது அந்த அணி இரண்டாவது டிவிஷனில் இருந்தது. அணி மேலே போனது, இவரை மறுபடி கீழே கார்பி என்ற கிளப்புக்கு லோனில் அனுப்பினார்கள். 1998-இல் இங்கிலாந்துக்கு, எவர்டனுக்கு. அங்கே ஒரே ஒரு சீசன், 27 லீக் மேட்ச், கூடவே சிவப்பு அட்டைகள். திரும்பவும் பெருஜா. இதற்குள் 26 வயது. இந்த இடத்தில் பலருடைய கதை முடிந்துவிடும், ‘பரவாயில்லாத டிஃபெண்டர்’ என்று சொல்லி மறந்துவிடுவார்கள்.

2000-01 சீசனில், கோச் செர்சே காஸ்மியின் பெருஜா அணியில், மெட்டராஸி என்ற ஒரு சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) சீரி ஏ-யில் 12 கோல் போட்டார். பெனால்டி, ஃப்ரீ கிக், கார்னரில் தலை என்று எல்லா வழியிலும். அதற்கு முன் டிஃபெண்டர்களில் அர்ஜென்டினாவின் டேனியல் பஸரெல்லா ஃபியோரென்டினாவுக்காக ஒரே சீசனில் போட்ட 11 கோல்தான் சாதனை. பஸரெல்லா யார்? 1978 உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன். அவருடைய சாதனையைக் கீழ் டிவிஷன்களில் அலைந்து வந்த ஆள் உடைத்தார். அதே 2001-இல் இத்தாலி அணியில் முதல் மேட்ச், 27 வயதில். அப்புறம் இன்டர் மிலான், அங்கே பத்து வருஷம்.

இன்டரில் ஐந்து லீக் பட்டம், நான்கு இத்தாலியக் கோப்பை, 2010-இல் சாம்பியன்ஸ் லீக். இதையெல்லாம் ஹாஸ்டலில் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 2000 மே 14, லீக்கின் கடைசி நாள். ஜுவென்டஸ் ஜெயித்தால் சாம்பியன். பெருஜாவில் அப்படி ஒரு மழை, மைதானம் குளமாகிவிட்டது, நடுவர் கோலினா ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தி வைத்து, குடை பிடித்துக்கொண்டு நடந்து போய்ப் பந்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் பெருஜா 1-0 என்று ஜெயித்தது, பட்டம் லாசியோவுக்குப் போனது. அந்த பெருஜா அணியில் மெட்டராஸி ஆடினார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து, 2002 மே 5 அன்று, அதே லாசியோவிடம் 4-2 என்று தோற்றுத்தான் இன்டர் கையிலிருந்த பட்டத்தை விட்டது, அந்த மைதானத்திலும் மெட்டராஸி இருந்தார்.

கேள்வி: ஜிடேனிடம் அப்படி என்னதான் சொன்னார்? எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆம்பூர்

பதில்: மெட்டராஸியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2006 இறுதி ஆட்டம், எக்ஸ்ட்ரா டைம், 110-ஆவது நிமிடம். பின்னாலிருந்து ஜிடேனின் சட்டையைப் பிடித்தார். சட்டைதான் வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்கிற மாதிரி ஜிடேன் சொல்ல, இவர் ஜிடேனின் சகோதரியைப் பற்றி ஓர் அசிங்கமான வார்த்தையை விட்டார். நாலடி தள்ளிப் போய்விட்ட ஜிடேன் திரும்பி வந்து நெஞ்சில் முட்டினார். அவ்வளவுதான். அம்மாவைப் பற்றிச் சொன்னார், மதத்தைப் பற்றிச் சொன்னார் என்பதெல்லாம் உதட்டசைவைப் படிக்கிறோம் என்று சில பேர் கிளப்பிவிட்டது. அப்படி எழுதிய இங்கிலாந்துப் பத்திரிகைகள் மேல் மெட்டராஸி வழக்குப் போட்டார், அவை மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடும் கொடுத்தன. அம்மாவைச் சின்ன வயதில் இழந்தவன் நான், இன்னொருவர் அம்மாவைப் பேசமாட்டேன் என்பதுதான் அவர் அன்று முதல் சொல்லிவந்தது.

அவர் சொன்னது தப்புதான். சகோதரியை இழுத்துப் பேசுவதை எந்த மைதானத்திலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், உங்கள் ஊர் டோர்னமென்ட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிஃபாவும் சும்மா விடவில்லை, அவருக்கு இரண்டு மேட்ச் தடை, 5,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். ஜிடேனுக்கு மூன்று மேட்ச், 7,500 ஃபிராங்க். தண்டனையை இருவரும் வாங்கியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடியை வெண்கலச் சிலையாகவே செய்து 2012-இல் பாரிஸில் நிறுத்தினார்கள், இருபது வருஷ உழைப்பு அதற்குப் பின்னால் மறைந்துபோனது. அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: 2006-இல் அவர் முதல் பதினோரு பேரிலேயே கிடையாது என்று என் மாமா சொல்கிறார். பைனலில் கோல் போட்டவர் எப்படி ரிசர்வ் பிளேயராக இருப்பார்?
வாசகர், குடியாத்தம்

பதில்: மாமா சொல்வது சரி. இத்தாலியின் சென்டர் பேக் ஜோடி கன்னவாரோவும் நெஸ்டாவும். செக் குடியரசுடன் ஜூன் 22-ஆம் தேதி மேட்ச். 17-ஆவது நிமிடம் நெஸ்டாவுக்குக் காயம், 23-ஆம் எண் சட்டையோடு மெட்டராஸி உள்ளே வந்தார். 26-ஆவது நிமிடம் தலையால் கோல். 2002 உலகக் கோப்பையிலும், குரோஷியா மேட்ச்சில், இதே நெஸ்டா காயப்பட்டு இதே மெட்டராஸிதான் இறங்கினார்.

அடுத்த மேட்ச் ஆஸ்திரேலியாவுடன். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராக மூச்சுப் பிடித்து ஆடி, கடைசி நொடியில் டோட்டியின் பெனால்டியில் இத்தாலி தப்பித்தது. இவரால் ஓர் உலகக் கோப்பையே போயிருக்கும். உக்ரைன் மேட்ச்சில் தடை. செமி பைனலில் ஜெர்மனியோடு திரும்பி வந்தார்.

பைனல் ஜூலை 9, பெர்லின். ஏழாவது நிமிடமே மலூடாவை இவர் மடக்கினார் என்று பெனால்டி. ஜிடேன் மெல்லத் தூக்கிவிட்ட பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே இறங்கியது. இன்னொருவராக இருந்தால் அன்று முழுக்கத் தலை தொங்கியிருக்கும். 19-ஆவது நிமிடம் பிர்லோவின் கார்னர், பட்ரிக் வியெராவுக்கு மேலே எழும்பி முட்டினார், 1-1. டைப்ரேக்கரில் இரண்டாவதாக வந்து பந்தை வலைக்குள் போட்டார், அவருக்கு அடுத்து வந்த பிரான்ஸின் ட்ரெஸகே மேல் கம்பத்தில் அடித்தார், கடைசியில் க்ரோஸோ முடித்து வைக்க 5-3. இத்தாலிக்காக மொத்தம் 41 மேட்ச், போட்டது இரண்டே கோல், இரண்டும் இந்த உலகக் கோப்பையில்தான். அந்த அணியில் அதைவிட அதிகமாக யாருமே போடவில்லை, லூக்கா டோனியும் இரண்டுதான். தப்பு செய்தார், அடுத்த சில நிமிடங்களில் ஈடுகட்டினார், திரும்பத் தப்பு செய்தார், திரும்ப ஈடுகட்டினார். அந்த மாதம் முழுக்க இப்படியே போனது.

கேள்வி: ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் ஆட வைக்கத் தெரிவதில்லை என்பதை எங்கள் பள்ளியிலேயே பார்க்கிறேன். மெட்டராஸி கோச் வேலையை யாரிடம் கற்றார்?
உடற்கல்வி ஆசிரியர், ராணிப்பேட்டை

பதில்: வீட்டில் அப்பாவே கோச். தோற்ற வாரம் ஒரு கோச் வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவர். ஆனால் அவர் கோச் ஆனதற்கு வேர் இன்னொரு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதை விரிவாகவே சொல்கிறேன், நீங்கள் பிள்ளைகளை ஆட வைப்பவர் என்பதால்.

2009-10-இல் ஜோஸே மொரின்யோ இன்டரின் கோச். லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் ஜெயித்தார்கள். இத்தாலியக் கிளப் வேறு எதுவும் அதைச் செய்ததில்லை. அந்த சீசனில் சென்டர் பேக் இடத்தில் லூசியோவும் வால்டர் சாமுவேலும் ஆடினார்கள், மெட்டராஸி பெரும்பாலும் பெஞ்சில். மாட்ரிட்டில் பயர்ன் மியூனிக்குடன் பைனல், மிலீட்டோவின் இரண்டு கோலில் வெற்றி உறுதியான பிறகு, கடைசி நிமிடத்தில் மிலீட்டோவை வெளியே எடுத்து மெட்டராஸியை இறக்கினார் மொரின்யோ. மரியாதைக்காகத்தான். அந்த இரவே மொரின்யோ இன்டரை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போகப்போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். மைதானத்துக்கு வெளியே கார் கிளம்பத் தயார், மொரின்யோ ஏறியும் உட்கார்ந்துவிட்டார், சுவரோரமாக மெட்டராஸி நிற்பதைப் பார்த்ததும் இறங்கி வந்து கட்டிப் பிடித்தார், இரண்டு பேரும் அழுதார்கள். அந்த வீடியோ இப்போதும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். 193 சென்டிமீட்டர் உயரம், உடம்பு முழுக்கப் பச்சை குத்திய மனிதர், எதிரணி ஃபார்வர்டுகள் எல்லாம் பயந்த ஆள், தன்னை வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்த கோச்சின் தோளில் முகம் புதைத்து அழுகிறார்.

ஆட வாய்ப்புக் கொடுத்த கோச்சை எந்தப் பையனும் விரும்புவான். கொடுக்காத கோச்சுக்காகவும் ஒருவன் உயிரைக் கொடுக்கிறான் என்றால் அங்கே நடந்திருப்பது ஃபார்மேஷன், டாக்டிக்ஸ் எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்ட விஷயம். மெட்டராஸி கற்றது அதைத்தான். டாக்டிக்ஸில் அவர் மொரின்யோ கிடையாது, அன்செலோட்டி கிடையாது, நிச்சயமாக. ஆளுக்கு ஆள் பேசி, தோளில் கை போட்டு, தேவைப்பட்டால் கத்தி, பதினைந்து இருபது பேரைப் பத்து வாரத்தில் ஒரே அணியாக்குவது அவருக்கு வந்தது. ஐ.எஸ்.எல். அப்போது அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும், ஏலமும் ஒப்பந்தமுமாகப் புதிது புதிதாக ஆள் சேர்த்து 14 லீக் மேட்ச். அந்தக் குறுகிய ஆட்டத்துக்கு அவர் மாதிரி ஆள்தான் தேவைப்பட்டார்.

கேள்வி: 2014 செமி பைனலுக்கு நானும் சித்தப்பா பிள்ளைகளும் காட்பாடியில் ரயிலேறி சென்னைக்குப் போனோம். மெட்டராஸி ரெட் கார்டு வாங்கி வெளியே போனதை நேரில் பார்த்து எங்களுக்கு ஆறவே இல்லை. ஒரு கோச் இப்படிச் செய்யலாமா?
வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள், அந்த மேட்ச்சை நேரில் பார்த்திருக்கிறீர்கள். சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடுகிற தூரம், பெரியமேடு நேரு ஸ்டேடியம். (உங்கள் பக்கத்துத் தோல் வியாபாரிகளுக்கு பெரியமேடு என்றாலே தோல் மண்டிதான் ஞாபகம் வரும், அந்த ஏரியாவில்தான் இத்தாலிக்காரர் ஒருவர் மூன்று வருஷம் கத்திக்கொண்டிருந்தார்.)

பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஐ.எஸ்.எல். அது. 2011-இல் ஆட்டத்தை விட்ட மெட்டராஸி, 41 வயதில், ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருப்பது என்று சென்னைக்கு வந்தார். பிரேசிலின் எலானோ எட்டு கோல் போட்டு அந்த வருஷம் கோல்டன் பூட் வாங்கினார், பிரான்ஸின் சில்வெஸ்டர், மெண்டி, மிசோரம் பையன் ஜெஜே என்று நல்ல அணி, புள்ளிப் பட்டியலில் முதலிடம். செமி பைனலில் கேரளா பிளாஸ்டர்ஸ், இரண்டு ஆட்டத்தின் கோலும் சேர்ந்ததுதான் கணக்கு. கொச்சியில் முதல் ஆட்டம் 3-0 என்று தோல்வி. மூன்று நாள் கழித்து டிசம்பர் 16, சென்னை. மூன்று கோல் எடுத்தால்தான் உயிர். முதல் பாதியிலேயே இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி கோச் வெளியே.

இப்போது உங்கள் கேள்வி. செய்யக் கூடாதுதான். மூன்று கோல் துரத்த வேண்டிய நாளில் ஒரு ஆளைக் குறைத்து வைத்துவிட்டுப் போனால் அது கோச்சுக்கே பெரிய தப்பு. ஆஸ்திரேலியா மேட்ச்சில் செய்ததையே சென்னையிலும் செய்தார், எட்டு வருஷம் கழித்தும் அந்தக் குணம் போகவில்லை. ஆனால் மீதியையும் நீங்கள் பார்த்திருப்பீர்களே! பத்துப் பேர், மூன்று கோலும் எடுத்தார்கள். சில்வெஸ்டர் ஒன்று, எதிரணியே தன் வலையில் தள்ளிக்கொண்டது ஒன்று, 90-ஆவது நிமிடத்தில் ஜெஜே ஒன்று. ஸ்டேடியம் அன்று போட்ட சத்தம் டி.வி.யிலேயே காதைப் பிளந்தது. எக்ஸ்ட்ரா டைமில், டைப்ரேக்கருக்கு இன்னும் மூன்றே நிமிடம் என்கிற நேரத்தில், 117-ஆவது நிமிடம், கேரளாவின் பியர்சன் கோல் போட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டார். மொத்தம் 4-3. பத்துப் பேராக அவ்வளவு நேரம் ஓடியவர்கள் கடைசியில் கால் தளர்ந்து விழுந்தார்கள்.

அவர்கள் யாருக்காக அப்படி ஓடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே போன கோச்சை அவர்கள் வெறுத்திருந்தால் இரண்டாவது கோலே வந்திருக்காது.

கேள்வி: நெஸ்டா சென்னையில் ஆடினார் என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?
வாசகர், வாலாஜா

பதில்: உண்மை. அந்த 2014 சீசனின் கடைசிக் கட்டத்தில், மெட்டராஸி கூப்பிட்டு, ஆட்டத்தை விட்டிருந்த அலெஸாண்ட்ரோ நெஸ்டா சென்னையின் அணிக்கு வந்து ஆடினார். யாருடைய காயத்தால் மெட்டராஸிக்கு உலகக் கோப்பையில் இடம் கிடைத்ததோ, அதே நெஸ்டா! அவரும் பின்னால் கோச் ஆனார், பெருஜாவையும் பார்த்துக்கொண்டார்.

கேள்வி: பாலாற்றில் தண்ணீர் வந்த 2015-ஐ நாங்கள் மறக்க மாட்டோம். அதே வருஷம்தான் சென்னையின் கோப்பையும். அந்த சீசனைப் பற்றி எழுதுங்கள், என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.
வாசகர், வாணியம்பாடி

பதில்: சந்தோஷமாக எழுதுகிறேன்.

இந்த முறை மெட்டராஸி ஆடவில்லை, கோச் மட்டும். 14 மேட்ச்சில் முதல் பத்து முடிந்தபோது ஜெயித்தது மூன்று, டிரா ஒன்று, தோல்வி ஆறு. பத்துப் புள்ளி. பட்டியலில் எட்டாவது இடம், அதாவது கடைசி. போன வருஷம் முதலிடத்தில் இருந்த அணி. கோச்சை மாற்று என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. அங்கிருந்து மிச்சமிருந்த நான்கையும் வரிசையாக ஜெயித்தார்கள். நான்கும்! 22 புள்ளி, மூன்றாவது இடம், செமி பைனல். கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா என்ற பையன், சின்ன உருவம், காற்று மாதிரி ஓடுவான், அந்த வருஷம் 13 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினான். ஜெஜேயும் அவனும் முன்னால் ஓட ஆரம்பித்தால் டிஃபெண்டர்களுக்கு மூச்சு வாங்கும்.

அதற்குள் டிசம்பர் 1, சென்னை மூழ்கியது. விமான நிலையமே நாள் கணக்கில் மூடிக் கிடந்தது, ரயில்கள் நின்றன. அப்படியிருக்க நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் எப்படி நடத்துவது? சென்னையின் சொந்த செமி பைனலைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் மக்கள் மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்து, இன்னும் வீட்டுச் சேற்றைக்கூடக் கழுவி முடிக்காத நாட்கள் அவை. வேறு மாநிலத்து மைதானத்தில், எதிரே நடப்பு சாம்பியன் அட்லெட்டிகோ டி கொல்கத்தா. 3-0 என்று ஜெயித்தார்கள், பெலிஸாரி, ஜெஜே, மென்டோசா மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கோல். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் பைனல்.

பைனல் டிசம்பர் 20, கோவா ஃபடோர்டா ஸ்டேடியம், எதிரணி எஃப்.சி. கோவா, அதுவும் அவர்கள் வீட்டு வாசலிலேயே. கோவாவின் கோச் ஜீக்கோ, பிரேசிலின் 1982 அணியின் அந்த ஜீக்கோ. முதல் பாதியில் கோல் இல்லை. 54-ஆவது நிமிடம் பெலிஸாரி போட்டார், நான்கு நிமிடத்தில் ஹாவ்கிப் கோவாவுக்குச் சமன் செய்தார். 87-ஆவது நிமிடம் ஜாஃப்ரேயின் ஃப்ரீ கிக், கோவா 2-1. ஸ்டேடியம் முழுக்கக் கோவாக்காரர்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று நிமிடம் இருக்கும்போது யார் நம்புவார்கள்?

90-ஆவது நிமிடம். சென்னையின் வீரர்கள் கோல் முன்னால் குவிந்து நிற்கிறார்கள், உள்ளே வந்த பந்தைப் பிடிக்கப் போன கோவா கோல் கீப்பர் கட்டிமணியே அதைத் தன் வலைக்குள் தட்டிவிட்டார். 2-2. கோவாக்காரர்கள் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை, இரண்டு நிமிடம் கழித்து மென்டோசா. 3-2. அவ்வளவுதான், கோப்பை. கட்டிமணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அன்று முழுக்க நன்றாக ஆடியவர் அவர்.

பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பத்தாவது மேட்ச்சையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். பத்து மேட்ச்சுக்குப் பத்துப் புள்ளி, கடைசி இடம். 20 வயதில் சிசிலியின் கீழ் டிவிஷனில் ஆடிய ஒருவருக்கு அந்த இடத்தில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்று தெரிந்திருந்தது. 18 வயதிலேயே நட்சத்திரமாகிவிட்ட ஒருவர் அந்த அணியை நடத்தியிருந்தால் அந்த நான்கு வெற்றியும் வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: அவ்வளவு நல்ல கோச் என்றால் 2016-இல் ஏன் சறுக்கினார்?
வாசகர், திருப்பத்தூர்

பதில்: மென்டோசா இல்லை, எலானோ இல்லை. அவர்கள் இடத்தை நிரப்ப வந்தவர்களால் அந்தக் கோல்களைப் போட முடியவில்லை, எட்டு அணியில் ஏழாவது இடம். 2017 தொடக்கத்தில் விலகிவிட்டார். ஆளைத் தட்டிக் கொடுத்தே ஓட வைக்கிற கோச்சுக்கு, அந்த ஆட்கள் மாறிவிட்டால் கையில் வேறு ஆயுதம் வேண்டும், அது அவரிடம் போதுமான அளவு இல்லை என்பது என் கருத்து. அடுத்து வந்த இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகோரி அணியைப் புதிதாகக் கட்டி 2017-18-இல் இரண்டாவது கோப்பையை வென்றார், அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடியில் வளர்ந்த நம்ம தனபால் கணேஷ் ஆடினார். ஜிடேனையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும், அவர் ரியல் மாட்ரிட்டோடு 2016, 2017, 2018 என்று மூன்று சாம்பியன்ஸ் லீக் தொடர்ச்சியாக ஜெயித்தார். கோச் என்ற கணக்கில் மெட்டராஸி அந்த வரிசையில் வரமாட்டார். சென்னைக்கு அவர் கொடுத்தது குறைந்துவிடாது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஸ்கூல் டீமில் பேக் ஆடுகிறான். கோபம் ஜாஸ்தி. போன டோர்னமென்ட்டில் ரெட் கார்டு வாங்கிவிட்டு வந்து, “மெட்டராஸிகூட இப்படித்தான்மா” என்கிறான். நான் என்ன சொல்வது?
ஒரு தாய், ஆற்காடு

பதில்: அவன் சொல்வது பொய் இல்லை அம்மா, ஆனால் முழுக்கதை அவனுக்குத் தெரியாது. 2004-இல் சியெனாவுடன் மேட்ச், மெட்டராஸி அன்று ஆடக்கூட இல்லை. மேட்ச் முடிந்து வீரர்கள் உள்ளே போகிற வழியில் சியெனாவின் சிரில்லோவைக் குத்திவிட்டார், இரண்டு மாதம் தடை. மூன்று வருஷம் கழித்து 2007-இல் அதே சியெனாவுக்கு எதிராக அவர் போட்ட இரண்டு கோலில் இன்டர் லீக் பட்டத்தை உறுதி செய்தது. எது அவருக்குப் பெயர் தந்தது, எது இரண்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தது என்று அவனையே கேளுங்கள், பதில் அவனுக்குத் தெரியும்.

திட்ட வேண்டாம். டிஃபெண்டருக்குக் கோபம் கொஞ்சம் வேண்டும், அது இல்லாத பையன் கார்னரில் குதிக்க மாட்டான். பி.டி. மாஸ்டரிடம் சொல்லி, சட்டையைப் பிடித்து இழுக்காமல், உடம்பைக் குறுக்கே வைத்து மடக்குவதைத் தனியாகப் பழக்கச் சொல்லுங்கள். மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த பத்து நிமிடம் பந்தில் கால் நீட்டாமல் நின்று ஆடவும் பழக வேண்டும். இந்த வயதில் வாங்குகிற கார்டில் பாதி, பந்துக்குத் தாமதமாகப் போவதால் வருவதுதான், அதனால் அவனுடைய ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து இரண்டு வீடியோ பாருங்கள். ஒன்று 2006 பைனலின் அந்த 19-ஆவது நிமிடக் கார்னர், மெட்டராஸி எங்கிருந்து ஓடத் தொடங்குகிறார், எப்போது எழும்புகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும். இன்னொன்று 2014 செமி பைனல், கார்டு காட்டியதோடு நிறுத்திவிடாமல் அதற்குப் பிறகு பத்துப் பேர் 117-ஆவது நிமிடம் வரை ஓடியதை முழுக்கப் பார்க்கட்டும். அவன் சென்டர் பேக்கா, சைடு பேக்கா என்று எழுதுங்கள், வேறு யாரைப் பார்க்கலாம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.